ஹெட்போனுக்குள் ஒரு ஜெர்மனி

மென்பொருளை நம்பி வெளிநாட்டு மொழி படிக்கிறார்கள் கொங்குப் பிள்ளைகள். அது எதுவரை கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது?

பீளமேட்டில் ஒரு பெண்கள் விடுதி. இரவு பத்து மணி தாண்டிவிட்டது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், துணிக்கொடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஓர் இளம் செவிலியர், மடியில் லேப்டாப்போடு. பகல் ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, மெஸ்ஸில் நாலு இட்லியை விழுங்கிவிட்டு நேராக மேலே வந்துவிட்டார். அறையில் மூன்று பேர் என்பதால் அங்கே வாய்விட்டுப் படிக்க வழியில்லை.

திரையில் நான்கு புகைப்படங்கள். ஹெட்போனில் ஓர் ஆண் குரல்: “டாஸ் மேட்ஷென் ட்ரிங்க்ட்.” தண்ணீர் குடிக்கும் சிறுமியின் படத்தைத் தொடுகிறார். பச்சை டிக். அடுத்து அதையே அவர் சொல்ல வேண்டும். சொல்கிறார், சிவப்பு விழுகிறது. மறுபடி சொல்கிறார், மறுபடியும் சிவப்பு. ‘மேட்ஷென்’ என்பதன் நடுவே வருகிற ஒலி நம் ‘ஷ’ இல்லை. நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்துக்கு அருகே தூக்கி, இடைவெளியில் மூச்சை விட்டால்தான் அது வரும். அதைத் திரை சொல்லித் தருவதில்லை. குரலின் அலைக்கோட்டை வரைந்து காட்டி, மீண்டும் முயலச் சொல்கிறது.

போன் அடிக்கிறது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அம்மா.

“என்ன கண்ணு, சாப்ட்டியா?”

“சாப்ட்டேனுங்மா. படிச்சிட்டு இருக்கேனுங்.”

“இந்நேரத்துக்கு மொட்டை மாடில யாருகூடப் பேசிட்டிருக்கறே?”

“கம்ப்யூட்டர்கூடதானுங்மா.”

கோவையில் இந்தக் காட்சி இப்போது அபூர்வமில்லை. காந்திபுரத்திலும் ஆர்.எஸ்.புரத்திலும் ‘ஜெர்மன், ஜப்பானிஸ்’ என்று பலகை மாட்டிய பயிற்சி மையங்கள் நிறைந்துவிட்டன. அதைவிடப் பெரிய கூட்டம் பலகையில்லாத வகுப்பில் இருக்கிறது. பஸ்ஸிலும் ஹாஸ்டலிலும் நைட் டூட்டி இடைவேளையிலும் செல்போனோடும் லேப்டாப்போடும் பேசிக்கொண்டிருக்கும் கூட்டம் அது.

ஏன் இந்த வேகம்?

ஜெர்மன் மொழி கோவைக்குப் புதிய விருந்தாளி அல்ல. 1962ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியபோது தொழில்நுட்பக் கூட்டு சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தோடு. ரீட்டரின் சொந்த ஊரான விண்டர்தூர் ஜெர்மன் பேசும் ஊர். திருப்பூரில் வட்டப் பின்னல் இயந்திரம் என்றால் ஜெர்மனியின் மேயர், ஜப்பானின் ஃபுகுஹாரா பெயர்கள் மெக்கானிக்குகளின் வாயில் சரளமாக வரும். கரூரின் வீட்டு ஜவுளி ஏற்றுமதியாளர்கள் ஜனவரி பிறந்தால் ஃபிராங்ஃபர்ட்டின் ‘ஹைம்டெக்ஸ்டில்’ கண்காட்சிக்குப் பெட்டி கட்டுகிறார்கள். சரவணம்பட்டிப் பக்கம் பாஷ் நிறுவனத்தின் பெரிய மென்பொருள் மையம் இருக்கிறது.

இதுவரை போனது சரக்கும் வரைபடமும். இப்போது போவது ஆட்கள். 2024 அக்டோபரில், தேர்ச்சி பெற்ற இந்தியத் தொழிலாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. 2025 ஆகஸ்ட்டில் இந்தியாவும் ஜப்பானும், ஐந்து ஆண்டுகளில் 50,000 இந்தியத் திறனாளர்கள் ஜப்பானுக்குப் போக வழிசெய்வதாக உடன்பட்டன. அதே மாதம் அமெரிக்கா 50 சதவீத வரி போட, திருப்பூரின் பார்வையும் ஐரோப்பா, ஜப்பான் பக்கம் கூடுதலாகத் திரும்பியது. 1978லிருந்து இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்களுக்கு மொழிப் பயிற்சி கொடுத்து ஜெர்மனிக்கு அனுப்புகிறது. இந்தக் கதவுகளில் பலவற்றுக்கும் சாவி, மொழித் தேர்வுச் சான்றிதழ்.

திண்ணையிலிருந்து திரைக்கு

மொழிபெயர்க்காமல், இலக்கணம் சொல்லாமல், அந்த மொழிக்குள்ளேயே ஆளைத் தள்ளிவிட்டுக் கற்க வைக்கும் முறை பழையது. 1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் அப்படித்தான் தமிழ் கற்றார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1878ல் அமெரிக்காவில் மாக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் இதே கொள்கையில் பள்ளி நடத்தினார். வகுப்புக்குள் கற்கும் மொழியைத் தவிர வேறு பேச்சே கூடாது.

இதைக் கணினிக்குள் கொண்டுபோனதில் முக்கியமான பெயர் ‘ரொசெட்டா ஸ்டோன்’. ஜெர்மனியிலேயே வாழ்ந்து ஜெர்மன் கற்ற ஆலன் ஸ்டோல்ட்ஸ்ஃபஸ் என்ற அமெரிக்கருக்கு, வகுப்பறையில் ரஷ்ய மொழி ஏறவில்லை. அந்த அனுபவத்திலிருந்து 1992ல் வர்ஜீனியாவில் பிறந்த நிறுவனம் அது. படம், குரல், சொல் மூன்றும்தான் பாடம், தாய்மொழிக்கு அங்கே இடமில்லை. பிறகு 2011ல் தொடங்கப்பட்ட டியோலிங்கோ பச்சை ஆந்தையோடு செல்போனுக்குள் இலவசமாக நுழைந்தது. 2023ல் ஜிபிடி-4 அதனோடு சேர்ந்து, கட்டணம் கட்டுபவர்களுக்குக் கணினியே காபிக்கடைக்காரராகவும் விமானநிலைய அலுவலராகவும் நடித்துப் பேச ஆரம்பித்தது. தலையில் மாட்டிக்கொண்டால் நம்மைச் சுற்றி வேறோர் ஊரே விரியும் வி.ஆர். கண்ணாடிகளிலும் மொழிப் பாடங்கள் வந்துவிட்டன.

சிரிக்காத வாத்தியார்

இந்த மென்பொருள்களால் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய நன்மை, கூச்சம் போனது. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு அவிநாசி ரோட்டுக் கல்லூரிக்குள் நுழையும் மாணவிக்கு, வேற்றுமொழியில் வாய் திறப்பது என்பது முதல் வருடம் முழுக்க நீடிக்கும் பயம். பின்பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தால் போதும், அடுத்த மூன்று வருடத்துக்கு வாய் மூடிக்கொள்ளும். கணினி சிரிப்பதில்லை. நூறு முறை தப்பாகச் சொன்னாலும் நூற்றியோராவது முறையும் அதே குரலில் கேட்கும். வகுப்பில் ஒரு வருடம் பேசாத பெண், ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரே இரவில் எழுபது வாக்கியம் சொல்கிறாள். தொழில்நுட்பம் நமக்குச் செய்த உதவிகளில் இதைச் சிறியதாக எண்ணக் கூடாது.

காதும் பழகுகிறது. சொந்த ஊரில் ஜெர்மானியர் ஒருவரைக்கூடப் பார்த்திராதவருக்கு, ஆண் குரல், பெண் குரல், குழந்தைக் குரல் என்று மாறிமாறிக் கேட்பது பெரிய வசதி. டியோலிங்கோ கேட்டுக்கொண்டதன் பேரில் 2012ல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஸ்பானிஷ் மொழியில் 34 மணி நேரம் அந்தச் செயலியில் செலவிடுவது கல்லூரியில் ஒரு செமஸ்டர் படிப்புக்குச் சமம் என்றது அந்த ஆய்வு. விளம்பரங்களில் வந்தது இந்த வரிதான். அவர்கள் அளந்தது சொல்வளம், வாசிப்பு, இலக்கணம் மட்டுமே. பேச்சை அளக்கவே இல்லை.

நம் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் சரியாக அந்த இடத்தில்தான்.

┌─────────────
பெட்டிச் செய்தி: தேர்வு அறைக்குள்

ஜெர்மன் மொழி, பண்பாட்டு அமைப்பான கோதே நிறுவனத்தின் பி1 என்ற இடைநிலை ஜெர்மன் தேர்வில் நான்கு பகுதிகள்: வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் 60 எடுத்தாக வேண்டும். தோற்ற பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம்.

பேசும் தேர்வு பெரும்பாலும் இருவர் இருவராக நடக்கும். முதலில் இருவரும் சேர்ந்து ஏதாவது ஒரு நிகழ்ச்சிக்குத் திட்டம் போட வேண்டும். பிறகு ஒரு தலைப்பில் சிற்றுரை. அதன்பின் கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும்.

ஜப்பானிய மொழிக்கான ஜே.எல்.பி.டி. தேர்வு 1984ல் தொடங்கியது. என்5 தொடக்கநிலை, என்1 உச்சம். விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் முறை. பேசும் தேர்வு, எழுதும் தேர்வு இரண்டும் கிடையாது.
─────────────┘

பச்சை டிக் நிறைய, பேச்சு குறைவு

பேசும் தேர்வில் எதிரே இருப்பது ஒரு மனிதர். அவரும் தடுமாறுவார், பாதியில் பேச்சை மாற்றுவார், எதிர்பாராத கேள்வி கேட்பார். “சனிக்கிழமை எனக்கு முடியாது, வேறு நாள் வைக்கலாமா?” என்று அவர் சொல்லும்போது நாலு படம் வந்து நிற்காது. வாக்கியத்தை ஒன்றுமில்லாததிலிருந்து கட்ட வேண்டும். ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் பயிற்சி செய்து தொடர்பயிற்சிக்கு அடையாளமாகத் திரையில் எரியும் தீப்பிழம்பைக் காப்பாற்றியவர்கள் இந்த இடத்தில் உறைந்துபோகிறார்கள் என்பது பயிற்சி மையங்களில் அன்றாடம் கேட்கிற பேச்சு. அவர்கள் படிக்காதவர்கள் இல்லை. கேட்ட வாக்கியத்தை அடையாளம் காணப் பழகியிருக்கிறார்கள், சொந்த வாக்கியம் உண்டாக்கப் பழகவில்லை.

இது கனடா நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்ட பாடம். 1965ல் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் குழந்தைகளைப் பிரெஞ்சிலேயே எல்லாப் பாடமும் படிக்க வைத்தார்கள். மொழிக்குள் மூழ்கடிக்கும் கல்விக்கு உலகம் காட்டும் முன்மாதிரி அதுதான். பின்னாளில் மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் இத்தகைய பள்ளிகளின் மாணவர்களைச் சோதித்தார். கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளை நெருங்கியிருந்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் பல ஆண்டுகளுக்குப் பிறகும் பின்தங்கியே இருந்தார்கள். உள்ளே போவது மட்டும் போதாது, வாய் வழியே வெளியே வரும்படி நெருக்கடி கொடுத்தால்தான் மொழி நிலைக்கும் என்று 1985ல் அவர் எழுதினார். பள்ளி நாள் முழுக்க மூழ்கிய குழந்தைகளுக்கே அந்தக் கதி என்றால், இரவில் அரைமணி நேரம் ஹெட்போன் மாட்டுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

சீகன்பால்க்குக்கு அந்த நெருக்கடி இருந்தது. தரங்கம்பாடித் தெருவில் தமிழில் பேசினால்தான் அவருக்கு வேலை நடக்கும்.

இன்னொன்று, படம் காட்டும் முறையில் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் இல்லை. டாஸ் மேட்ஷென் என்றால் சிறுமி. ஜெர்மனில் அவள் பெண்பால் அல்ல, ‘அது’. மேசை ஆண்பால், கதவு பெண்பால். உயர்திணை, அஃறிணை என்று பிரித்தே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இது தலைகீழ். ஒரு நல்ல ஆசிரியர் ஒரே நிமிடத்தில் விளக்குவார்: ‘ஷென்’ என்று முடியும் சிறுமைப் பெயர்கள் எல்லாமே அஃறிணைபோல நடக்கும், ஆளைப் பார்க்காதே, சொல்லின் வாலைப் பார். படத்தையே நம்பியவர் நூறு படம் பார்த்த பிறகும் ஊகித்துக்கொண்டிருப்பார்.

வார்டில் விளையும் வினை

தேர்வில் தோற்றால் மறுபடி எழுதலாம். தேறிப் போய் வார்டில் தடுமாறுவதுதான் பெரிய கஷ்டம். ஜெர்மனியில் முழு அங்கீகாரம் பெற்ற செவிலியராக, பொதுவாக பி1க்கு அடுத்த பி2 நிலை கேட்கிறார்கள். தகுதியில் குறை கண்டால் அங்கே போய்ப் பயிற்சிக் காலமோ தேர்வோ முடிக்க வேண்டும். ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் பேச்சு வேகமாக ஓடும், பாதி சுருக்கச் சொற்களில். முதியோர் இல்லத்தில் பவேரியாப் பாட்டி பேசுவது பாடப்புத்தக ஜெர்மன் அல்ல. கோவைக்காரர் ஒருவர் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் அங்கத்திய பாட்டியின் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள எவ்வளவு திண்டாடுவார்! அதுவும் சொந்தத் தாய்மொழியிலேயே.

மென்பொருள் சொல்லித் தரும் உலகத்தில் சிறுவன் ஆப்பிள் தின்கிறான், பெண் நாளிதழ் வாசிக்கிறாள். எல்லா மொழிக்கும் பெரும்பாலும் ஒரே படங்கள்தான் என்பது ரொசெட்டா ஸ்டோன்மீது நெடுநாள் குற்றச்சாட்டு. கால் வீங்கியிருக்கிறது, நேற்றிரவு தூங்கவில்லை, மாத்திரையைத் துப்பிவிட்டார் என்பதற்கான வாக்கியங்களைச் செவிலியர் வேறு எங்கோ கற்க வேண்டும். அதற்கு அங்கே வேலை பார்த்துத் திரும்பிய ஒரு செவிலியரின் ஒருமணி நேரப் பேச்சு, பத்து நாள் செயலிப் பயிற்சிக்குச் சமம்.

ஜப்பான் வழியில் ஆபத்து வேறு வடிவத்தில் வருகிறது. ‘குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளர்’ விசாவுக்கு என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற மொழித் தேர்வுடன் தொழில்திறன் தேர்வும் தேற வேண்டும். இந்த விசா 2019ல் வந்தது, இந்தியாவோடு ஒப்பந்தம் 2021 ஜனவரியில் கையெழுத்தானது. என்4 தேறுவதற்கு வாயே திறக்க வேண்டாம். சான்றிதழோடு போய் இறங்கியவர், முதல்நாள் சூப்பர்வைசர் கேட்ட எளிய கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்ட நேரிடுகிறது. இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்பவர் புரியாமலே ‘சரி’ என்று தலையாட்டுவது உயிருக்கே ஆபத்து.

கொங்குத் தமிழும் ஜப்பானியமும்

ஜப்பானியம் உலகத்திலேயே கடினமான மொழிகளில் ஒன்று என்று எல்லாச் செயலியும் பயமுறுத்துகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் அதற்கு 2,200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு. தமிழுக்கே அவர்கள் 1,100 மணி நேரம் போட்டிருக்கிறார்கள்!

நமக்கு அது வேறு கணக்கு. ‘கான்ஜி’ எனப்படும் சீன வழி எழுத்துகள் எல்லோருக்கும் கடினம்தான். வாக்கியமோ நம் வாக்கியம். ‘நான் சோறு சாப்பிடுகிறேன்’ என்ற வரிசையிலேயே ‘வதாஷி வா கோஹான் ஓ தாபெமாஸ்’ என்று வினை கடைசியில் வந்து நிற்கிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ‘தாபெதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. அங்கேயும் ‘பார்’ என்ற வினைதான்.

கொங்கு நாட்டாருக்கு இன்னும் ஒரு படி நெருக்கம். ‘நாய் வந்துச்சுங்க’ என்கிறோம். அந்த ‘ங்க’ நாய்க்கான மரியாதை அல்ல, கேட்டுக்கொண்டிருப்பவருக்கான மரியாதை. ஜப்பானியர் ‘இனு கா கிமாஷ்தா’ என்னும்போது அந்த ‘மாஷ்’ பகுதி செய்வதும் இதே வேலை. ஆங்கிலத்தில் இதற்கு ஈடே இல்லாததால் செயலிகள் ‘மரியாதை வடிவம்’ என்று ஒரு குறிப்புப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. மொட்டை மாடியில் அம்மாவிடம் ‘படிச்சிட்டு இருக்கேனுங்’ என்று சொல்கிற பெண்ணுக்கு அந்தக் குறிப்பே தேவையில்லை. அவர் நாக்கில் அது ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் பாடம் வருவது ஆங்கிலம் வழியாக. தமிழில் யோசித்து, ஆங்கிலத்துக்கு வரிசையை மாற்றி, ஜப்பானியத்துக்கு மறுபடி மாற்றி, இரண்டு முறை தலைகீழாகப் புரள்கிறார் மாணவர். ஜெர்மனிலும் ‘ஏனென்றால்’, ‘என்று’ வகைத் துணைவாக்கியங்களில் வினை கடைசிக்குத்தான் போகிறது. ஆங்கில வழியாகப் படித்தவர் அதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்கிறார். தமிழிலிருந்து நேரே போனால் அதுவே இயல்பு. இத்தனை மென்பொருள் நிறுவனங்கள் இருக்கும் கோவையில், தமிழிலிருந்து நேராக ஜப்பானியமும் ஜெர்மனும் கற்றுத்தரும் தரமான ஒரு மென்பொருள் உருவாகியிருக்க வேண்டும். இதற்கான சந்தை வாசலிலேயே நிற்கிறது.

┌─────────────
பெட்டிச் செய்தி: பணம் கட்டும் முன்

● ‘மூன்று மாதத்தில் பி2’ என்பவரை நம்ப வேண்டாம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு அது நடக்கிற காரியமல்ல.

● வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்கவும்.

● வகுப்பில் ஒரு மாணவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் பேசுகிறார் என்று கேட்கவும். ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்கவும்.

● பயிற்சி நிறுவனம் தரும் சான்றிதழ் வேறு, கோதே போன்ற அமைப்புகள் நடத்தும் தேர்வின் சான்றிதழ் வேறு. விசாவுக்குச் செல்வது பின்னது.
─────────────┘

நாலு மணிக்குப் பூட்டும் லேப்

கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் லட்சங்களைக் கொடுத்துவிட்டு, தேர்வில் பேச முடியாமல் திரும்பும் பிள்ளைகளின் வீடுகள் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் இருக்கின்றன. அவர்களுக்கு மென்பொருள் எதிரி அல்ல. தனியாக விடப்பட்டதுதான் பிரச்சினை. 2011ல் அமெரிக்க அரசு ஊழியர்களிடம் இதே வகை மென்பொருளைக் கொடுத்துத் தாங்களாகவே படிக்கச் சொன்ன ஓர் ஆய்வு வெளியானது. தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். சம்பளமும் வசதியும் உள்ளவர்களுக்கே அந்த நிலை.

கொங்குப் பகுதியின் பொறியியல் கல்லூரிகளில் மொழிக்கான கணினி லேப் இல்லாத கல்லூரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வரிசையாகக் கணினி, ஹெட்போன், குளிர்சாதனம். ஆங்கிலப் பாடவேளை முடிந்ததும் பல இடங்களில் நாலு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். அந்த அறைகளை மாலை ஆறிலிருந்து எட்டுவரை வெளியாருக்கும் திறந்துவிடலாம். முதல் ஒரு மணி நேரம் மென்பொருளோடு. அடுத்த ஒரு மணி நேரம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எதிர் எதிரே உட்கார்ந்து பேச்சு. பேச வைக்க ஆளும் இங்கேயே இருக்கிறார்கள். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஜப்பானிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர்கள் இந்த ஊரில் பலர். காலை வாக்கிங் முடிந்தால் அவர்களுக்கு நேரமும் உண்டு, இளையவர்களுக்குச் சொல்லித்தர ஆசையும் உண்டு. கோவையிலேயே கோதே மையம் இருக்கிறது, தேர்வு முறை பற்றிய வழிகாட்டலுக்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. 2022ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் இதற்கு நிதி ஒதுக்க அரசு முன்வந்தால், அரசு செவிலியர் கல்லூரி மாணவிகளையும் ஐ.டி.ஐ. மாணவர்களையும் முதல் வரிசையில் உட்கார வைக்கலாம்.

புதுக் கட்டடம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம். கல்லூரி நிர்வாகங்களும் மாவட்ட நிர்வாகமும் ஒருமுறை கூடிப் பேசினால், அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போதே பீளமேட்டில் ஒரு லேப், திருப்பூரில் ஒன்று, ஈரோட்டில் ஒன்று என்று மாலை வகுப்பைத் தொடங்கிவிடலாம்.